லண்டனிலிருந்து வந்த சத்தம்

பங்க் இசையைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கிற்றாரில் மூன்று பிடிகளுக்கு மேல் அறியாத வெள்ளைக்காரப் பையன்களின் கூச்சல் என்பது எமது கர்நாடக இசை அன்பர்கள் பலரின் தீர்ப்பு. மறுபுறத்தில், றொக் இசையில் ஊறித் திளைத்த எனது நண்பர்கள் சிலர், செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினர் வெளியிட்ட ஒரேயொரு அல்பத்தை வேதநூல் போலக் கொண்டாடுவார்கள். இரு தரப்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. நாற்பது வருடங்களுக்கும் மேலாக இந்த இசைத்தட்டுகளைக் கேட்டு வருபவன் என்ற ஒரே தகுதியில் எனது அபிப்பிராயங்களை இங்கு பதிந்து வைக்கிறேன். நான் இசை விமர்சகன் அல்லன். பத்திரிகை அலுவலகத்தின் செய்தி மேசையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன். ஆதலால் எனது அளவுகோலும் அந்த மேசையில் இருந்து எடுத்ததுதான்.

முதலில் றமோன்ஸ். நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள். உடன்பிறந்தவர்கள் அல்லர்; எனினும் நால்வரும் றமோன் என்ற ஒரே குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி ஆரம்ப காலத்தில் போல் றமோன் என்ற புனைபெயரைச் சில நாட்கள் பாவித்திருந்தார். அங்கிருந்து எடுத்த பெயர் அது. 1976 இல் வெளிவந்த அவர்களது முதலாவது அல்பத்தில் 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடங்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில், 6,400 டொலர் செலவில் பதிவு செய்து முடித்தார்கள். பெரிய றொக் குழுக்கள் ஓர் அல்பத்துக்காக மாதக்கணக்கில் ஒலிப்பதிவுக் கூடத்தில் குடியிருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கட்டித் தந்தியில் செய்தி அனுப்பிய பிரதேச நிருபர்களை நான் அறிவேன். அவர்களுடைய செய்தியில் அடைமொழி இருக்காது. யார், எங்கே, எப்போது, எத்தனை பேர், அத்துடன் முடிந்துவிடும். றமோன்ஸின் பாடல்களைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தந்திகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். முன்னுரையும் இல்லை, கிற்றார் வித்தகமும் இல்லை. இரண்டு நிமிடத்தில் ஒரு பாடல் தொடங்கி, ஓடி, நின்றுவிடுகிறது. நெடுங்கட்டுரைகளை வெட்டிச் சுருக்கியே சம்பளம் வாங்கிய ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் தந்தியை மட்டும் வைத்துக்கொண்டு பத்திரிகை நடத்த முடியாது. 1977 இல் வந்த 'றொக்கெட் டு றஷ்யா' வரையில் அவர்களது ஓட்டம் அற்புதமானது. அதன் பின்னர் 1995 வரை அதே தந்தியையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 14 அல்பங்கள். நான் வைத்திருப்பவை நான்கு. முதலாவது அல்பம் அமெரிக்காவில் ஐந்து இலட்சம் பிரதிகளைக் கடந்து தங்கத்தட்டுச் சான்றிதழ் பெற்றது 2014 இல்தான், அதாவது 38 வருடங்களின் பின்னர். அந்த நால்வரில் அப்போது உயிரோடிருந்தவர் ஒருவரே. அவரும் அதே வருடம் ஜூலையில் காலமானார். அவர்களது சின்னம் பொறித்த ரீசேட்டைப் புறக்கோட்டை நடைபாதைக் கடைகளிலும் கண்டிருக்கிறேன். அணிந்து திரிபவர்களில் எத்தனை பேர் ஒரு பாடலையாவது கேட்டிருப்பார்கள் என்பது வேறு விடயம்.

இவற்றையெல்லாம் கொழும்பில் இருந்துகொண்டு எவ்வாறு கேட்டீர்கள் என்று இளையவர்கள் வினவுவதுண்டு. 1970 முதல் 1977 வரை இந்நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். உண்பதற்கும் உடுப்பதற்குமே வரிசையில் நின்ற காலத்தில் வெளிநாட்டு இசைத்தட்டுக்கு எங்கே போவது? இருந்த ஒரே வழி சிற்றலை வானொலி. பிபிசி உலக சேவையில் ஜோன் பீல் நடத்திய இசை நிகழ்ச்சியை, அலை ஏறி இறங்கும் இரைச்சலுக்கு நடுவே காதைக் கூர்மையாக்கிக் கேட்போம். பங்க் இசைக்கும் சிற்றலை இரைச்சலுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று எனது அறைத்தோழர் கேலி செய்வார். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் யப்பானிய கசெட் ரெக்கோடர்கள் வந்து குவிந்தன. வெற்று ஒலிநாடாவையும் பாடல் பட்டியலையும் கொடுத்தால் பதிவு செய்து தரும் கடைகள் முளைத்தன. ஆங்கிலப் பத்திரிகை நண்பர் ஒருவரின் தமையனார் லண்டனில் இருந்தார். அவர் அனுப்பிய இசைத்தட்டுகள் எங்கள் வட்டத்தில் கைமாறிக் கைமாறித் தேய்ந்தன.

அவ்வாறு வந்தவற்றில் ஒன்றுதான் செக்ஸ் பிஸ்டல்ஸின் 'நெவர் மைன்ட் த பொலொக்ஸ்'. 1977 ஒக்டோபர் 28 இல் வெளியானது. அதன் தலைப்பில் இருந்த சொல் ஆபாசமானது என்று கூறி, அதனைக் காட்சிக்கு வைத்த நொட்டிங்ஹாம் கடையொன்றின் முகாமையாளர்மீது பொலிஸார் வழக்குத் தொடர்ந்தார்கள். எதிர்த்தரப்புக்காக ஆஜரானவர், 'றம்போல்' கதைகளை எழுதிய சட்டத்தரணி ஜோன் மோர்ட்டிமர். அவர் சாட்சியாக அழைத்தவர் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லி. அச்சொல்லின் வரலாற்றைப் பேராசிரியர் எடுத்துரைத்தார். பழங்காலத்தில் மதகுருமாரைக் குறிக்கவும், பின்னர் வெற்றுப் பேச்சைக் குறிக்கவும் அது பயன்பட்டதாக அவர் விளக்கியதைக் கேட்ட நீதவான்கள், வேண்டாவெறுப்பாக வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஒரு சொல் அச்சேறலாமா கூடாதா என்று ஆசிரியபீடத்தில் மணிக்கணக்கில் விவாதித்தவன் என்ற வகையில் இந்த வழக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. அந்த அல்பத்தில் உள்ள சில பாடல்களைவிட இந்த வழக்கே சுவாரசியமானது என்று சொன்னால் எனது நண்பர்கள் கோபிக்கக்கூடும்.

ஜோன் லைடனின் குரல் அபூர்வமானது என்பதில் ஐயமில்லை. உச்சரிப்பிலேயே ஏளனத்தை ஊற்றும் அந்தப் பாணிக்கு ஈடு கிடையாது. ஸ்டீவ் ஜோன்ஸின் கிற்றார் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பதிவு செய்யப்பட்டுச் சுவர் போல எழும்பி நிற்கிறது. ஆனால் அல்பம் என்று எடுத்துக்கொண்டால், ஏற்கனவே தனித் தட்டுகளாக வந்துவிட்ட நான்கு பாடல்கள்தான் அதன் உயிர். நேற்றைய செய்தியை இன்றைய முதற்பக்கத்தில் போட்டது போன்றது அது. அத்துடன் அந்தக் கோபம் எவரையும் உற்று நோக்குவதில்லை. அரசி, இசைத்தட்டுக் கம்பனி, சுற்றுலாப் பயணி, அடுத்த வீட்டுக்காரன் எல்லோரும் அதன் பார்வையில் ஒன்றுதான். முதற் தடவை கேட்கும்போது உடல் சிலிர்க்கிறது. ஐம்பதாவது தடவை கேட்கும்போது புதிதாக எதுவும் அகப்படுவதில்லை.

இதற்கு நேரெதிரான ஓர் ஒப்பீட்டைச் சொல்கிறேன். 1976 டிசம்பர் 1 ஆம் திகதி பிரித்தானியத் தொலைக்காட்சியில், கடைசி நேரத்தில் வரமுடியாது போன குவீன் குழுவுக்குப் பதிலாகச் செக்ஸ் பிஸ்டல்ஸ் தோன்றினார்கள். அறிவிப்பாளர் பில் கிறண்டி அவர்களைச் சீண்ட, அவர்கள் நேரலையில் தூஷண வார்த்தைகளைப் பொழிந்தார்கள். மறுநாள் லண்டன் 'டெய்லி மிறர்' (எமது கொழும்புப் பத்திரிகை அல்ல) முதற்பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியது. அதற்கு மறுநாள், டிசம்பர் 3 இல், அதே லண்டனில் பற்றர்சீ மின்நிலையத்தின் புகைபோக்கிகளுக்கிடையே கட்டியிருந்த இராட்சதக் காற்றடைத்த பன்றியொன்று கயிறறுந்து வானில் பறந்து, கென்ட் பகுதியில் ஒரு பண்ணையில் போய் இறங்கியது. பிங்க் புளொயிட் குழுவின் 'அனிமல்ஸ்' அல்பத்தின் அட்டைக்காகப் படமெடுத்தபோது நிகழ்ந்தது அது. பிங்க் புளொயிட்டை வெறுக்கிறேன் என்று எழுதிய ரீசேட்டை அணிந்துதான் லைடன் பிரபலமாகத் தொடங்கினார். உண்மையில் அப்படியொரு வெறுப்பு இல்லையென்று பிற்காலத்தில் அவரே சொல்லிவிட்டார்.

1977 ஜனவரியில் வந்த அந்த 'அனிமல்ஸ்' பிஸ்டல்ஸின் அல்பத்தைவிடக் கோபமானது என்பது எனது துணிபு. ஒரு பாடல் 17 நிமிடம் ஓடுகிறது. மற்றிரண்டும் பத்து நிமிடத்துக்குக் குறையாதவை. ஆனால் ஜோர்ஜ் ஓர்வெல்லின் விலங்குப் பண்ணையை நினைவூட்டும் வகையில் சமூகத்தை நாய்கள், பன்றிகள், செம்மறிகள் என்று பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் றொஜர் வோட்டர்ஸ் நிதானமாகத் தோலுரிக்கிறார். ஒழுக்கக் காவலராக வலம்வந்த மேரி வைட்ஹவுஸைப் பெயர் சொல்லியே அழைக்கிறார். குற்றம் சொல்வதென்றால், மேலிருந்து பார்க்கும் பார்வை அது. செம்மறிகளாகச் சித்திரிக்கப்பட்ட சாதாரண சனங்களின்மீது அவருக்குக் கோபம் உண்டு, பரிவு குறைவு. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் இரண்டு சிறு பாடல்கள் மட்டும் அந்தக் குளிரைச் சற்றுத் தணிக்கின்றன.

இந்த இரண்டிலும் இல்லாத ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. அது த கிளாஷ் குழுவிடம் இருந்தது.

அவர்களது கதை ஒரு தெருக் கலவரத்தில் தொடங்குகிறது எனலாம். 1976 ஓகஸ்ட் மாத இறுதியில், லண்டன் நொட்டிங் ஹில் பகுதியில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பின மக்கள் வருடாந்தம் நடத்தும் களியாட்ட விழாவில் பொலிஸாருக்கும் இளைஞர்களுக்குமிடையே மோதல் மூண்டது. கிளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரமரும் போல் சிமோனனும் அன்று அந்தத் தெருவில் நின்றார்கள். 1977 ஏப்ரிலில் வந்த அவர்களது முதலாவது அல்பத்தின் பின்னட்டையில் இருப்பது அன்றைய மோதலின் புகைப்படம். அதைவிட முக்கியமானது, ஜமேய்க்காப் பாடகர் ஜூனியர் மேர்வின் பாடி, லீ பெறி தயாரித்த ஒரு றெகே பாடலை அந்த அல்பத்தில் அவர்கள் தங்கள் பாணியில் பாடியிருப்பது. மற்றைய பாடல்கள் இரண்டு நிமிடத்தில் முடியும்போது இது மட்டும் ஆறு நிமிடம் ஓடுகிறது. அயல் தெருவில் கேட்ட பாடலை அவ்வளவு நேரம் எடுத்துப் பழகிப் பார்த்திருக்கிறார்கள்.

அக்காலப் பிரித்தானியாவில் இது சிறிய விடயம் அன்று. நெஷனல் புறொன்ட் என்ற இனவாதக் கட்சி வெளிநாட்டவரை வெளியேற்றச் சொல்லித் தெருத்தெருவாக ஊர்வலம் போனது. 1976 ஓகஸ்ட்டில் பேர்மிங்ஹாம் மேடையொன்றில் கிற்றார் கலைஞர் எரிக் கிளப்டன் மதுபோதையில் நின்றுகொண்டு, குடியேற்றத்துக்கு எதிரான அரசியல்வாதி ஈனொக் பவலை ஆதரித்துப் பேசினார். இரண்டு வருடங்களுக்கு முன்னர் பொப் மார்லியின் பாடலைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அதே கிளப்டன். பல வருடங்களின் பின்னர் அதற்காக வெட்கப்படுவதாக அவர் கூறினார். நான் இன்றும் அவரது கிற்றாரைக் கேட்பதுண்டு. கேட்கும்போதெல்லாம் அந்த மேடையும் கூடவே வந்து நிற்கும். அந்தப் பேச்சின் விளைவாகவே இனவாதத்துக்கு எதிரான றொக் என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரில் 30 ஆம் திகதி ட்ரஃபல்கார் சதுக்கத்தில் இருந்து கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவுக்குப் பல்லாயிரக்கணக்கானோர் நடந்து சென்றார்கள். அங்கு கிளாஷ் பாடியது. சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பொலி ஸ்டைறீன் என்ற இளம்பெண்ணின் எக்ஸ்-றே ஸ்பெக்ஸ் குழுவும் பாடியது. அதே வருடம் வந்த அவர்களது 'ஜேர்ம்ஃப்றீ அடலசென்ட்ஸ்' அல்பத்தைத் தேடிக் கேளுங்கள். பங்க் இசையில் சக்சஃபோனுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே மூன்று பிடிகள், அதே வேகம், அதே வேலையற்ற இளைஞர்கள். ஆனால் ஓய் என்று அழைக்கப்பட்ட பிரிவின் கச்சேரிகளுக்கு மொட்டைத்தலை இனவாதிகள் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். 1981 இல் வந்த 'ஸ்ட்றெங்த் துறூ ஓய்' என்ற தொகுப்பு அல்பத்தின் தலைப்பு நாஸிகளின் கோஷமொன்றை ஒத்திருந்தது. அட்டையில் இருந்தவர் இனவாத வன்முறைக்காகச் சிறை சென்ற ஒருவர். அதில் பாடிய குழுக்கள் பலவும் தாங்கள் இனவாதிகள் அல்லர் என்று மறுத்தன. அம்மறுப்பில் உண்மையும் இருந்தது. ஆனால் தங்கள் மேடைக்கு முன்னால் யார் நிற்கிறார்கள், அவர்கள் என்ன கோஷம் எழுப்புகிறார்கள் என்று பாடுபவன் காது கொடுத்துக் கேட்க வேண்டாமா? 1981 ஜூலை 3 ஆம் திகதி, தெற்காசிய மக்கள் செறிந்து வாழும் லண்டன் சவுத்தோல் பகுதியில் ஹம்ப்றோ மதுச்சாலையில் இத்தகைய கச்சேரியொன்று நடந்தது. பேருந்துகளில் வந்திறங்கிய மொட்டைத்தலையர்களுக்கும் அப்பகுதி இளைஞர்களுக்குமிடையே மோதல் மூண்டு, மதுச்சாலை எரிந்து கரியாகியது.

கோபம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது கொழும்புத் தமிழனுக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. 1983 ஜூலையில் எனது அறையும் அதிலிருந்த ஒலிநாடாக்களும் ஒன்றாகவே போயின. அதைப் பற்றி வேறு சந்தர்ப்பங்களில் எழுதியிருப்பதால் இங்கு விரிக்கவில்லை. பின்னர், கையில் சிறிது பணம் சேர்ந்தபோது நான் முதன்முதலில் திரும்ப வாங்கியது 'லண்டன் கோலிங்' என்ற அல்பத்தைத்தான்.

1979 டிசம்பர் 14 ஆம் திகதி பிரித்தானியாவில் வெளியானது அது. இரண்டு இசைத்தட்டுகள், 19 பாடல்கள். விலையோ ஒரு தட்டுக்குரியது. ரசிகனின் சட்டைப்பையை எண்ணிப் பார்த்த குழு இது. கடைசிப் பாடலான 'ட்றெயின் இன் வெயின்' மிகப் பிந்திச் சேர்க்கப்பட்டதால் அட்டையில் அதன் பெயரே இல்லை. அச்சுக்குப் போன பின்னர் வந்து சேர்ந்த செய்தி! தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் கதிரைகளைத் தூக்கி எறிந்து கலைஞர்களை உசுப்பேற்றியவர். இரண்டு வருடத்துக்குள் இறந்துபோனார். அட்டைப்படம் 1979 செப்டெம்பரில் நியூயோர்க் பலேடியம் அரங்கில் பெனி ஸ்மித் எடுத்தது. சிமோனன் தனது கிற்றாரை மேடையில் ஓங்கி அடிக்கும் அந்தப் படம் தெளிவாக இல்லை, பாவிக்க வேண்டாம் என்று எடுத்தவரே சொன்னார். படத்தேர்வு மேசையில் இருந்த எவரும் அறிவர், தெளிவு குறைந்த படமே சில வேளைகளில் செய்தியைச் சொல்லும். எழுத்துக்களின் இளஞ்சிவப்பும் பச்சையும் எல்விஸ் பிறிஸ்லியின் 1956 ஆம் ஆண்டு அல்பத்திலிருந்து வேண்டுமென்றே எடுக்கப்பட்டவை. பழைய றொக் இசையை வெட்டிப் புதைக்க வந்தோம் என்று மற்றவர்கள் முழங்கியபோது, இவர்கள் தாத்தாவின் படத்தை வீட்டு வாசலில் மாட்டினார்கள்.

உள்ளே சென்றால் தெரிவது அவர்களுடைய காது. றொக்கபிலி, ஸ்கா, றெகே, ஜாஸ், சோல் என்று எத்தனையோ தெருக்களின் ஓசை. 1959 இல் வின்ஸ் ரெய்லர் பாடிய பழைய பாடலொன்று இரண்டாவதாக வருகிறது. ஸ்பானிய உள்நாட்டுப் போரும் கவிஞர் லோர்காவும் ஒரு பாடலில் வருகிறார்கள். பல்பொருள் அங்காடியில் தன்னைத் தொலைத்தவன் இன்னொன்றில். பிறிக்ஸ்டன் பகுதியில் வளர்ந்த சிமோனன், பொலிஸார் கதவை உதைத்துத் திறந்தால் நீ எப்படி வெளியே வருவாய் என்ற கேள்வியை வைத்துத் தானே எழுதிப் பாடிய பாடல் ஒன்று உண்டு. 1981 ஏப்ரிலில் பிறிக்ஸ்டன் பற்றியெரிவதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னர் அது வெளிவந்துவிட்டது. அதனைத் தீர்க்கதரிசனம் என்பார்கள் விமர்சகர்கள். அந்தத் தெருவில் நடமாடிய நல்ல நிருபர் எவரும் அதனை எழுதியிருப்பார் என்பது எனது எண்ணம். ட்ரம்ஸ் வாசித்த டொப்பர் ஹீடனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தத் தாளத்தைக் கொடுத்தாலும் அதன் சொந்த ஊர்க்காரன் போல வாசிக்கக்கூடிய அவர் இல்லாவிட்டால் இந்த அல்பம் வெறும் ஆசையாகவே முடிந்திருக்கும்.

தலைப்புப் பாடலின் பெயர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிபிசி தனது வெளிநாட்டு ஒலிபரப்பைத் தொடங்கும்போது சொன்ன அறிவிப்பிலிருந்து வந்தது. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்றீ மைல் ஐலண்டில் நிகழ்ந்த அணுஉலை விபத்தும், தேம்ஸ் நதி பெருகி லண்டன் மூழ்கும் என்ற அச்சமும் அதில் இருக்கின்றன. ஆங்கிலேய ரசிகனுக்கு அந்தப் பெயர் ஒரு பழைய நினைவு. எங்களுக்கோ அது இரவு தவறாத பழக்கம். போர்க்காலத்தில் மின்சாரமில்லாத வீடுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி மின் எடுத்தாவது பிபிசி தமிழோசைக்குக் காது கொடுத்த எமது மக்களுக்கு, லண்டன் அழைப்பதென்றால் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை. 1941 இல் தொடங்கிய அந்தச் சிற்றலைச் சேவை 2017 ஏப்ரில் 30 உடன் நின்றுபோயிற்று.

அடுத்து 1980 டிசம்பரில் வந்த 'சன்டினிஸ்டா'. மூன்று தட்டுகள், 36 பாடல்கள். நிக்கரகுவா புரட்சியாளர்களின் பெயரைத் தலைப்பாக வைத்ததோடு நில்லாமல், அவர்களது அமைப்பின் ஸ்பானிய முதலெழுத்துக்களையே தட்டின் பட்டியல் இலக்கமாகவும் வாங்கிவிட்டார்கள். விலையைக் குறைப்பதற்காகத் தங்கள் உரிமைப் பணத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். நல்ல மனசு. ஆனால் எனது கையில் நீலப் பென்சிலைக் கொடுத்தால் 36 ஐ 14 ஆக்கிவிடுவேன். எல்லாத் தெருவிலும் காது வைத்தவர்கள் கடைசியில் தங்கள் வீட்டு வாசலை மறந்துபோன அல்பம் அது.

1982 மே மாதத்து 'கொம்பற் றொக்' அவர்களது அதிகம் விற்பனையான அல்பம். முழுமையானது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் 'ஸ்ட்றெயிட் டு ஹெல்' இருக்கிறது. உருக்காலை மூடிய ஆங்கில நகரமொன்றில் குடியேறியவர்களைப் பார்த்துத் திரும்பிப் போ என்று சொல்லும் குரல், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிறந்து தகப்பனின் புகைப்படத்தோடு காத்திருக்கும் பிள்ளை, எங்கும் இடமில்லாத அகதிகள். கூச்சல் அறவே கிடையாது. கிற்றார் மெதுவாக ஊசலாடுகிறது. ஹீடனின் தாளம் தென்னமெரிக்காவை நினைவூட்டுகிறது. இராஜதந்திரியின் மகனாக அங்காராவில் பிறந்து, தேசம் தேசமாக அலைந்து, விடுதிப் பாடசாலையில் வளர்ந்த ஸ்ட்ரமர் இந்தப் பாடலில் குரலை உயர்த்தவே இல்லை. பங்க் குழு ஒன்று எழுதிய மிகச் சிறந்த பாடல் இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அந்தக் கிற்றார் ஊசலைப் பின்னர் எடுத்துக்கொண்டவர் ஒரு தமிழ்ப் பெண். மாயா என்ற மாதங்கி அருள்பிரகாசம் 1975 இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கைக்கு வந்து, போரின் காரணமாக 1986 இல் அகதியாக மீண்டும் லண்டனுக்குப் போனவர். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்தது. தந்தையாரின் இயக்கப் பெயரை முதலாவது அல்பத்துக்கும் தாயாரின் பெயரான 'கலா' வை 2007 இல் வந்த இரண்டாவது அல்பத்துக்கும் சூட்டினார். அமெரிக்க விசா கிடைக்காமல் இழுபட்டதால் 'கலா' வை வெவ்வேறு நாடுகளில் பதிவு செய்ய நேர்ந்தது. தமிழ்நாட்டு உறுமி மேளமும் அவ்வாறுதான் உள்ளே வந்தது. அந்த விசா அலைச்சலில் பிறந்த 'பேப்பர் பிளேன்ஸ்' பாடல் 'ஸ்ட்றெயிட் டு ஹெல்' கிற்றாரின்மேல் கட்டப்பட்டது. குடியேறி வருபவனைப் பற்றி வெள்ளைக்காரன் மனதில் வைத்திருக்கும் பயங்களையெல்லாம், ஆம் நான் அப்படித்தான் என்று சிறுமியின் குரலில் ஒப்புக்கொண்டு கேலி செய்யும் பாடல். துப்பாக்கி வெடியும் காசுப்பெட்டி திறக்கும் ஓசையும் அதில் தாளமாகின்றன. 2008 இல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடத்துக்கு ஏறியது. பாடலாசிரியர் வரிசையில் கிளாஷின் நால்வரது பெயர்களும் உள்ளன. ஸ்ட்ரமர் 2002 டிசம்பரிலேயே இறந்துவிட்டதால் அவர் இதைக் கேட்கவில்லை.

எம்.ஐ.ஏ. யின் அரசியலோடு எல்லா இடத்திலும் எனக்கு உடன்பாடு கிடையாது. அவரது பேச்சுக்களைவிட அவரது தாளங்களை நான் அதிகம் நம்புகிறேன். எமது ஆட்களில் ஒரு பகுதியினர் அந்த வெடிச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்தார்கள். வேறொரு பகுதியினர் பாடலைக் கேளாமலே பெருமைப்பட்டார்கள். இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள் குறைவு. கேட்டுப் பாருங்கள். திரும்பிப் போ என்ற குரலை ஆங்கிலேயன் ஒருவன் தெருவோரம் நின்று கேட்டு எழுதுகிறான். கால் நூற்றாண்டின் பின்னர், அந்தக் குரலை நேரே முகத்தில் வாங்கியவளின் பதில் அதே கிற்றாரின்மேல் வந்து உட்காருகிறது. தேடுபவர்களுக்கு ஒரு தகவல்: 'ஸ்ட்றெயிட் டு ஹெல்' பாடலின் வெட்டப்படாத ஏழு நிமிட வடிவம் 1991 இல் வந்த 'கிளாஷ் ஒன் புறோட்வே' தொகுப்பில் இருக்கிறது. வெட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த நான் அந்த வடிவத்தைத்தான் கேட்கிறேன்.